பொடி பாக்கெட்ல எதை சொல்லணும், எதை மூடி வைக்கலாம்: கேள்வி பதில்

வணக்கம். விருதுநகர் பக்கத்துல பதினாறு வருஷமா பொடி, ஊறுகாய் போடுற சின்ன யூனிட் நடத்துறேன். என் லேபிளை நானே எழுதப் போய், பக்கத்து யூனிட்காரங்க எழுதிக் கேக்க, இப்போ பாதி நேரம் மத்தவங்க லேபிளைத்தான் பாக்கறேன். வக்கீல் இல்ல, ஆனா உணவு லேபிள் சட்டத்தை வரி வரியா படிச்சிருக்கேன். பாக்கெட்ல அளவு சொல்றதப் பத்தியும் ரெசிபிய காப்பாத்துறதப் பத்தியும் என்ன வேணா கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்.

ஈரோட்லேர்ந்து: அக்கா, வீட்ல சாம்பார் பொடி, பருப்பு பொடி அரைச்சு விக்கறேன், இப்பதான் எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) ரெஜிஸ்ட்ரேஷன் எடுத்தேன். ஒவ்வொரு சாமானும் எத்தனை சதவீதம்னு லேபிள்ல போடணுமா? எங்க அம்மாவோட அளவு அது, போட்டா நாளைக்கே நாலு பேர் அரைச்சுருவாங்க.

போட வேணாம்மா. நிறைய பேர் இந்த பயத்துலயே லேபிளை அரைகுறையா எழுதுறாங்க. 2020ல வந்த லேபிளிங் விதிமுறை கேக்கறது என்னன்னா, உள்ள என்னென்ன இருக்கோ அது எல்லாத்தையும் பேர் சொல்லி எழுதணும், எடை அதிகமா இருக்கறது முதல்ல, குறைச்சலா இருக்கறது கடைசில, அவ்ளோதான். எடைன்னா தயாரிக்கும்போது போட்ட எடை. மல்லி ஒரு கிலோ, மிளகா அரை கிலோ, துவரம் பருப்பு கால் கிலோ போட்டா மல்லி, மிளகா, துவரம் பருப்புன்னு வரிசை, பக்கத்துல நம்பர் கிடையாது. ஏதாவது ஒண்ணை மட்டும் பாக்கெட்ல தூக்கிக் காட்டுனா அதுக்கு சதவீதம் போடணும், கீழ கோயம்புத்தூர் கேள்வில அத விவரமா சொல்றேன்.

முறுக்கு, மிக்சர் மாதிரி ஐட்டத்துல போடுற மிளகு, சீரகம், ஓமம் எல்லாத்தையும் சேத்து "மசாலாப் பொருட்கள்"னு ஒரே பேர்ல எழுதவும் விதிமுறையே இடம் குடுக்குது. பருப்பு அதுக்குள்ள வராது, அது மசாலா இல்ல. எண்ணெய்னா வெறும் "சமையல் எண்ணெய்"னு எழுதி விட முடியாது, கடலெண்ணெயா பாமாயிலான்னு பேர் சொல்லியாகணும்.

மதுரைலேர்ந்து: வரிசை போட்டாலே போதுமே, கணக்கு தெரிஞ்சவன் அளவைக் கண்டுபிடிச்சிட மாட்டானா?

ஓரளவுக்கு முடியும், மறைக்க மாட்டேன். வரிசைல ரெண்டாவதா இருக்கறது பாதிக்கு மேல இருக்க முடியாது, மூணாவது மூணுல ஒரு பங்குக்கு மேல போகாது, நாலாவது கால் பங்குக்கு மேல போகாது. நியூட்ரிஷன் டேபிள்ல கொழுப்பு எவ்ளோ, புரதம் எவ்ளோன்னு பாத்து இன்னும் கொஞ்சம் கிட்ட வரலாம். லேப்ல காசு குடுத்தா உப்பு எவ்ளோன்னு கிராம் கணக்குல சொல்லிடுவாங்க. இத்தனையும் பண்ணி ஒருத்தர் நம்ம அளவுக்கு ரொம்ப பக்கத்துல வந்துட்டார்னே வைங்க.

எனக்கு நடந்ததையே சொல்றேன். எங்க யூனிட்ல நாலு வருஷம் வேலை பாத்த ஒருத்தர் வெளிய போய் அதே சாம்பார் பொடியை போட்டார். அளவு சுத்தமா எங்க அளவு, ஏன்னா எடை போட்டுக் குடுத்ததே அவர்தான். ஒரு மாசம் எனக்குத் தூக்கமே இல்ல. அப்புறம் அவர் பாக்கெட்டை வாங்கிட்டு வந்து வீட்ல குழம்பு வெச்சுப் பாத்தோம், வாசம் வேற, கடைசில ஒரு கசப்பு. என் மாமியார் ஒரு வாய் வெச்சுட்டு "வெந்தயத்தை செவக்க விட்டுட்டான்"னாங்க. வெந்தயம் பொன்னிறத்துலேர்ந்து சிவப்புக்கு போறதுக்கு இருப்புச் சட்டில சில செகண்டுதான் ஆகும், எங்க வீட்ல அது லேசா நிறம் மாறும்போதே சட்டியை இறக்கி வெள்ளத் துணில கொட்டிருவாங்க, சட்டி சூட்டுலயே விட்டா அது தானா வெந்துகிட்டே போகும். மல்லிய வறுக்கறப்போ சடசடன்னு ஒரு சத்தம் வரும், அந்த சத்தம் அடங்குற நேரம் ஒண்ணு இருக்கு. மிளகாயை வறுக்காம வெயில்ல மொறுமொறுன்னு காய வெச்சு போடுவோம். மில்லுல சூடா வர்ற பொடியை உடனே டப்பால அடைக்காம பரப்பி ஆற விடுவோம், இல்லைன்னா உள்ள வேர்த்து வாசம் போயிடும். இதுல ஒண்ணு கூட லேபிள்ல வராது, எந்த சட்டமும் கேக்காது. அதுக்குப் பேர்தான் கைப்பக்குவம். அத வெச்சிருக்கறவங்க அளவு வெளிய போயிடும்னு நடுங்க வேண்டியதில்ல.

கோயம்புத்தூர்லேர்ந்து: நாங்க கம்பு குக்கீஸ் பண்றோம். பாக்கெட்ல பெருசா கம்பு கதிர் படம். கம்பு எவ்ளோ சதவீதம்னு கண்டிப்பா போடணும்னு டிசைனர் சொல்றார், எங்க பார்ட்னர் அது ரெசிபி ரகசியம், போடக் கூடாதுங்கறார். யார் சொல்றது சரி?

டிசைனர் சொல்றதுதான் சரி. லேபிள்ல ஒரு பொருளை வார்த்தையாலயோ படத்தாலயோ அழுத்திக் காட்டுனா அது எத்தனை சதவீதம்னு போட்டே ஆகணும், விதிமுறைல அப்படியே இருக்கு. நீங்க பேர்லயும் வெச்சு படமும் போட்டுட்டீங்க. காட்டாம விட்டாலும், ஜனங்க அந்தப் பொருளை எதிர்பாத்து வாங்கறாங்க, அளவு சொல்லாம விட்டா ஏமாந்துருவாங்கன்னா அப்பவும் போடணும்.

விதிவிலக்கும் இருக்கு. வாசனைக்கு மட்டும் போடுறதுன்னா வேணாம், ஏலக்கா பிஸ்கட்ல ஏலக்கா எவ்ளோன்னு கேக்க மாட்டாங்க. பரிமாறுற மாதிரி படம், அதாவது உப்புமா மிக்ஸ் பாக்கெட்ல தட்டுல உப்புமாவும் பக்கத்துல சட்னியும் இருந்தா சட்னிக்கு சதவீதம் வேணாம், ஆனா இது பரிமாறும் யோசனை மட்டும்தான்னு தெளிவா எழுதணும்.

கணக்கு ரொம்ப சுலபம். பத்து கிலோ மாவு கலவைல மைதா 4 கிலோ, சர்க்கரை 2.2, கம்பு மாவு 1.8, வெண்ணெய் 1.8, மத்ததெல்லாம் 0.2ன்னு வெச்சா கம்பு 18 சதவீதம். அடுப்புல வெச்சப்புறம் தண்ணி போய் எடை குறைஞ்சுதுன்னு அத வெச்சு கணக்கு போடாதீங்க, கலக்கும்போது உள்ள எடைதான்.

இப்போ உங்க பார்ட்னருக்கு ஒரு வார்த்தை. அவர் பயம் யாராவது காப்பி அடிப்பாங்கன்னா, அந்த ஒரு நம்பர வெச்சு யாராலயும் குக்கீ சுட முடியாது, வெண்ணெயை எந்த பதத்துல போட்டீங்க, கம்பை முளை கட்டி அரைச்சீங்களா, எவ்ளோ சூட்டுல எத்தனை நிமிஷம், எதுவுமே அந்த நம்பர்ல இல்ல. 18 சதவீதம்னு எழுதுனா கடைல யாரும் எடுக்க மாட்டாங்கன்னு பயந்தா அது ரகசியத்தை காப்பாத்துற பயம் இல்ல. சர்க்கரை வியாதிக்காரங்க, டாக்டர் சிறுதானியம் சேத்துக்க சொன்னாருன்னு தேடி வந்து, கூட காசு குடுத்து இத வாங்கறாங்க. முக்கா பங்குக்கு மேல மைதாவும் சர்க்கரையும் வெண்ணெயும்ங்கறது அவங்களுக்கு தெரிஞ்சாகணும். தைரியமா கம்பை 40க்கு ஏத்துங்க, அப்புறம் அந்த நம்பரை முன்பக்கமே பெருசா போடலாம். குக்கீ உதிரும், முதல் பத்து பேட்ச் சொதப்பும், ஆனா அப்புறம் வர்றது உங்க பொருளா இருக்கும்.

தஞ்சாவூர்லேர்ந்து: ஒரு கஸ்டமர் எங்க ரசப் பொடில குளூட்டன் இருக்கான்னு கேக்கறாங்க. நாங்க கோதுமையே போடறதில்ல. "இல்ல"ன்னு சொல்லிடலாமா?

சொல்லாதீங்க. குளூட்டன்ங்கறது கோதுமை மாதிரி தானியத்துல இருக்கற புரதம். மொதல்ல பெருங்காய டப்பாவை திருப்பிப் படிங்க.

கடைல கிடைக்கிற பெருங்காயம் கூட்டுப் பெருங்காயம். சுத்தமான பெருங்காயப் பால் ரொம்ப காரமா இருக்கும்ங்கறதால கருவேலம் பிசினும் ஏதாவது மாவும் சேத்துத்தான் கட்டியாவோ பொடியாவோ தருவாங்க. அந்த மாவு பெரும்பாலும் மைதா, அதாவது கோதுமை, சில கம்பெனி அரிசி மாவு போடுறாங்க.

இத நான் படிச்சு தெரிஞ்சுக்கல. பத்து வருஷம் முன்னாடி ஒரு அம்மா ஃபோன் பண்ணாங்க, பையனுக்கு கோதுமை சேராது, குடல் நோய், உங்க சாம்பார் பொடி லேபிள்ல கோதுமை இல்லைன்னு பாத்துத்தான் வாங்குனேன், ரெண்டு வாரமா வயித்து வலில துடிக்கிறான்னாங்க. சத்தம் போடல, அழுதுகிட்டே கேட்டாங்க, உள்ள வேற என்ன போடுறீங்கன்னு. எங்க வீட்ல அது வரைக்கும் அளவு யாருக்கும் சொல்றதில்லைன்னு ஒரு பழக்கம், அன்னிக்கு நான் பேப்பர எடுத்து ஒவ்வொண்ணா படிச்சேன். பெருங்காயம்னு சொன்னதும் எந்த கம்பெனின்னு கேட்டாங்க, டப்பாவை எடுத்துப் பாத்தா பொடி எழுத்துல மைதா. நான் ஆறு வருஷமா கையில வெச்சிருந்த டப்பா அது. அந்த வாரமே அரிசி மாவு சேத்த பெருங்காயத்துக்கு மாறினோம், பழைய பாக்கெட் அத்தனையும் கடைலேர்ந்து திருப்பி எடுத்தோம். இன்னிக்கும் அந்த குரல் காதுல இருக்கு.

சட்டம் சொல்றதையும் கேட்டுக்கோங்க. கூட்டுப் பொருள் ஒண்ணு மொத்தத்துல 5 சதவீதத்துக்கு கீழ இருந்தா அதுக்குள்ள என்னென்ன இருக்குன்னு விரிச்சு எழுத வேணாம்னு ஒரு சலுகை இருக்கு, பெருங்காயம் அதுலதான் வரும். ஆனா அலர்ஜி பொருளுக்கு அந்த சலுகை செல்லாது. குளூட்டன் உள்ள தானியம், பால், முட்டை, மீன், இறால் நண்டு வகை, வேர்க்கடலையும் முந்திரி, பாதாம் மாதிரி கொட்டைகளும், சோயா, கெடாம இருக்க போடுற சல்ஃபைட் கிலோவுக்கு 10 மில்லிகிராமோ அதுக்கு மேலயோ இருந்தா அதுவும், இது எதுவா இருந்தாலும் தனியா "இதில் இன்னது உள்ளது"ன்னு எழுதணும். ஒரு சிட்டிகையா இருந்தாலும் எழுதணும்.

இன்னொண்ணு, வெளி மில்லுல அரைக்கிறீங்கன்னா உங்களுக்கு முன்னாடி அந்த மிஷின்ல யார் கோதுமை அரைச்சாங்கன்னு உங்களுக்குத் தெரியாது. அந்த அம்மாகிட்ட அதையும் சொல்லிடுங்க. அப்படி சொல்லி ஒரு பாக்கெட் வியாபாரம் போனா போகட்டும்.

லண்டனிலை இருந்து: அக்கா, நான் யாழ்ப்பாணத் தூள் வறுத்து இடிச்சு இங்க தமிழ்க் கடையளுக்குக் குடுக்கிறன். இட்லிப் பொடியும் செய்யிறன். இந்தியாவிலை சரியெண்டு சொல்லுற லேபிள் இங்க காணுமோ?

காணாதுங்க, பத்தாது. அங்க அலர்ஜி பட்டியல்ல 14 இருக்கு, இந்தியப் பட்டியல்ல இல்லாத எள்ளும் கடுகும் அங்க உண்டு. இட்லிப் பொடில எள்ளு இருக்கும், தூள்ல சில வீட்ல கடுகும் போடுவாங்க. அங்க தனியா ஒரு வரி எழுதுனா பத்தாது, சாமான் பட்டியலுக்குள்ளயே அந்தப் பேர் தடிச்ச எழுத்து மாதிரி ஏதாவது ஒரு விதத்துல தனிச்சு தெரியணும். செலரியும் பட்டியல்ல இருக்கு, வெளில வாங்குற ரெடி மசாலா எதையாவது சேத்தா அத பாத்துக்கோங்க. கனடாவுக்கு அனுப்புனாலும் எள்ளு, கடுகு ரெண்டையும் சொல்லணும். அமெரிக்கால எள்ளு 2023 ஜனவரி 1லேர்ந்து கட்டாயம் ஆச்சு, அங்க கடுகு பட்டியல்ல இல்ல. அமெரிக்கால மசாலாவை மொத்தமா "ஸ்பைசஸ்"னு எழுத விடுவாங்க, ஆனா மஞ்சள் நிறமும் குடுக்கறதால அத தனியா சொல்லணும், பூண்டுப் பொடி வெங்காயப் பொடியையும் அந்த "ஸ்பைசஸ்"க்குள்ள மறைக்க முடியாது.

சென்னைலேர்ந்து: ஆர்டர் கூடிடுச்சு, எங்களால அரைச்சு முடியல. ஒரு ஃபேக்டரில குடுத்து பேக் பண்ணலாம்னு பாக்கறோம். முழு ரெசிபியும் குடுத்தாதான் பண்ண முடியும்ங்கறாங்க. குடுக்கலாமா?

குடுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு நாள் உக்காந்து யோசிங்க, இதுலதான் நிறைய பேர் மாட்டுறாங்க.

நம்ம நாட்டுல வியாபார ரகசியத்துக்குன்னு தனிச் சட்டம் இன்னும் கிடையாது. 2024 மார்ச்ல சட்ட கமிஷன் 289வது அறிக்கைல ஒரு தனிச் சட்டம் வேணும்னு சொல்லிருக்காங்க. அதனால உங்ககிட்ட இருக்கற ஆயுதம் ஒப்பந்தம்தான், 1872ல வந்த ஒப்பந்தச் சட்டம்தான் அதுக்கு அடிப்படை. நம்பி குடுத்த விஷயத்தை தப்பா பயன்படுத்திட்டாங்கன்னு கோர்ட்டுக்கும் போகலாம், ஆனா நீங்க அத ரகசியமா வெச்சிருந்தீங்கன்னு காட்டணும். வாட்ஸ்அப்ல ரெசிபியை அனுப்பிட்டு அப்புறம் ரகசியம்னு சொன்னா யார் நம்புவா. மொதல்ல கையெழுத்து, அப்புறம்தான் காகிதம். எது ரகசியம், யார் யார் பாக்கலாம், ஒப்பந்தம் முடிஞ்சா காகிதத்தை திருப்பித் தரணும், மிச்ச மசாலாவை என்ன பண்ணணும், எல்லாம் எழுத்துல இருக்கட்டும்.

வேலையாள் விஷயத்துல ஒரு எச்சரிக்கை, "வேலைய விட்டு போனா இந்தத் தொழிலே செய்யக் கூடாது"ன்னு எழுதி வாங்குனா ஒப்பந்தச் சட்டத்தோட 27வது பிரிவு முன்னாடி நிக்காது. "எங்க ரகசியத்தை பயன்படுத்தக் கூடாது"ன்னு எழுதலாம். ஒருத்தர் பொழப்பை தடுக்கறதும் நம்ம பொருளை காக்கறதும் வேற வேற, எனக்கு அந்தப் பிரிவு நியாயமாதான் படுது.

காகிதத்தை விட எனக்கு நம்பிக்கை, ரெசிபியை ரெண்டாப் பிரிக்கறதுல. வாசத்தை தீர்மானிக்கிற அஞ்சாறு சாமானை நீங்களே வறுத்து, ஒண்ணா அரைச்சு, "கலவை 1"னு எழுதி எடை போட்டு அனுப்புங்க. அவங்க மல்லி, மிளகா, பருப்பை அரைச்சு, நூறு கிலோவுக்கு உங்க கலவை இத்தனை கிலோன்னு சேத்து பேக் பண்ணட்டும். நானும் இப்படித்தான் பண்றேன், வறுக்கிற சட்டி மட்டும் எங்க வீட்டு பின்கட்டை விட்டு நகரல.

ஆனா கலவைக்குள்ள என்னென்ன பேர் இருக்குங்கறத அவங்ககிட்ட மறைக்காதீங்க. உங்க கலவைல எள்ளோ கடலையோ இருந்து, அதே மிஷின்ல அடுத்து குழந்தைங்க சத்து மாவு ஓடுனா என்ன ஆகும்? பேர் முழுசா குடுங்க, அளவை வெச்சுக்கோங்க.

சேலத்துலேர்ந்து: என் ஊறுகாய் ரெசிபிக்கு பேடன்ட் வாங்கிடலாமா மேடம்? செலவானாலும் பரவால்ல.

வாங்க வேணாம் சார். பேடன்ட்னா முழு முறையையும் எழுதிக் குடுக்கணும், மனு போட்டு 18 மாசத்துல அது வெளியாகும், 20 வருஷம் கழிச்சு யார் வேணா செய்யலாம். அதுக்கு முன்னாடி, வெறுமனே ரெண்டு மூணு பொருளைக் கலக்கி அதோட குணமெல்லாம் ஒண்ணா சேர்றதுக்கு பேடன்ட் கிடையாதுன்னு 1970 பேடன்ட் சட்டத்துலயே இருக்கு, பரம்பரையா இருக்கற அறிவுக்கும் கிடையாது. ஊறுகாய் ரெண்டுலயும் மாட்டும். காபிரைட் உங்க ரெசிபி புத்தகத்துல நீங்க எழுதுன நடைக்கு வரும், உப்பு இத்தனை மிளகா இத்தனைங்கற அளவுக்கு வராது. உங்க பேரையும் லோகோவையும் டிரேட்மார்க் பண்ணுங்க, அந்த செலவு வீண் போகாது.

புவிசார் குறியீடு பத்தியும் கேப்பீங்க. அது ஊருக்குக் கிடைக்கிறது, தனி ஆளுக்கு இல்ல, அதுக்கு எப்படி செய்றோம்னு விவரமா எழுதிக் குடுக்கணும். பழனி பஞ்சாமிர்தத்துக்கு 2019ல கிடைச்சுது. வாழப்பழம், நாட்டுச்சர்க்கரை, தேன், நெய், ஏலக்கா, பேரீச்சை, கல்கண்டுன்னு அதுல என்ன இருக்குன்னு ஊருக்கே தெரியும். திருப்பதி லட்டுக்கு 2009லயே கிடைச்சுது, அதோட அளவுக்குப் பேரே திட்டம்னு இருக்கு. 5,100 லட்டுக்கு கடலை மாவு 180 கிலோ, சர்க்கரை 400, நெய் 165, முந்திரி 30, திராட்சை 16, கல்கண்டு 8, ஏலக்கா 4, ஆக மொத்தம் 803 கிலோன்னு பத்திரிகைல பல தடவை வந்த கணக்கு. இந்த அளவை வெச்சு வீட்ல எத்தனை பேர் பிடிச்சுப் பாத்திருப்பாங்க, அந்த லட்டு வருதா?

அதே சேலத்துக்காரர்: அப்போ கோக்கோ கோலா மட்டும் எப்படி நூறு வருஷத்துக்கு மேல மறைச்சு வெச்சிருக்காங்க?

அவங்க பேடன்ட் பக்கம் போகல, ரகசியமாவே வெச்சுக்கிட்டாங்க, ரகசியத்துக்கு காலக்கெடு கிடையாது. 1977ல நம்ம அரசாங்கம் இந்தியக் கம்பெனில வெளிநாட்டுப் பங்கைக் குறைக்கணும்னும் ஃபார்முலாவை பகிரணும்னும் கேட்டப்போ நாட்டை விட்டே போனாங்க, 1993லதான் திரும்பி வந்தாங்க. ஆனா அவங்க பாட்டிலையும் திருப்பிப் பாருங்க, சர்க்கரை, காஃபின், நிறம், புளிப்புக்கு போடுறது எல்லாம் எழுதிருக்கும். மூடி வெச்சிருக்கறது வாசனைக் கலவையை மட்டும்தான். உடம்புக்கு ஆகாதவங்க தெரிஞ்சுக்க வேண்டியது வெளில இருக்கு.

திருச்சிலேர்ந்து: அப்பாவுக்கு கிட்னி பிரச்சினை. ஒரு பருப்புப் பொடி கம்பெனில உப்பு எவ்ளோன்னு கேட்டேன், ரெசிபியை வெளில சொல்ல மாட்டோம்னு ஃபோனை வெச்சுட்டாங்க. நான் கேட்டது தப்பா?

தப்பே இல்லம்மா, எனக்கு கேக்கவே வருத்தமா இருக்கு. உப்பு யாருக்கும் ரகசியம் இல்ல. பாக்கெட்ல சோடியம்னு போட்டிருந்தா அத பாருங்க. எங்க பொடில நூறு கிராமுக்கு எட்டு கிராம் உப்பு, உப்புல நூத்துக்கு 39 பங்கு சோடியம், அப்போ நூறு கிராம் பொடில சுமார் 3.1 கிராம் சோடியம், அஞ்சு கிராம் போட்டு சாப்பிட்டா 160 மில்லிகிராம் பக்கம் வரும். இந்தக் கணக்கை டாக்டர்கிட்ட காட்டலாம். பருப்புல பொட்டாசியமும் இருக்கு, அப்பாவுக்கு அது எவ்ளோ ஆகும்னும் கேட்டுக்கோங்க. முடிஞ்சா உப்பு போடாம வீட்லயே அரைச்சுக் குடுங்க, துவரம் பருப்பு, மிளகு, சீரகம், கொஞ்சம் பூண்டு, அவ்ளோதான், அளவு வேணும்னா எழுதித் தர்றேன்.

இத படிக்கிற யூனிட்காரங்க எல்லாரும் ஃபோன் எடுக்கற ஆளுக்கு ஒரு சீட்டு எழுதி ஒட்டி வைங்க. உப்பு, சர்க்கரை, எண்ணெய், அலர்ஜி சாமான், வெங்காயம் பூண்டு இருக்கா இல்லையா, இத்தனையும் யார் கேட்டாலும் சொல்லணும்னு.

ஓசூர்லேர்ந்து: ஒரு ஹோட்டல் குரூப் மாசம் 300 கிலோ எடுக்கறோம்ங்கறாங்க, முழு ஃபார்முலா ஷீட் கேக்கறாங்க.

குடுக்காதீங்க, ஃபார்முலா கேட்டா ஸ்பெசிஃபிகேஷன் ஷீட் குடுக்கணும். சாமான் பேர் வரிசையா, அலர்ஜி, ஈரப்பதம், உப்பு, கெடு தேதி, லேப் ரிப்போர்ட். அளவு கட்டாயம்னா "மல்லி 30லேர்ந்து 40 சதவீதம்"னு ஒரு வரம்பா குடுங்க, அதுவும் கையெழுத்துக்கு அப்புறம். நல்ல வாங்குறவங்களுக்கு அது போதும். அதுக்கு மேல விடாப்பிடியா கேட்டா, அவங்களே அரைச்சுக்க பாக்கறாங்களான்னு நீங்க கொஞ்சம் யோசிக்கணும்.

நாகர்கோவில்லேர்ந்து: சோதனைக்கு வர்ற ஆபீசர் ரெசிபி கேட்டா?

சாம்பிள் எடுக்க அவருக்கு அதிகாரம் இருக்கு, அத நாலு பங்கா பிரிச்சு சீல் வைக்கணும், ஒரு பங்கை அங்கீகாரம் உள்ள வேற லேபுக்கு அனுப்பச் சொல்லி நீங்க கேக்கலாம், செலவு உங்களது. என்னென்ன போடுறீங்கன்னு கேட்டா மறைக்காம காட்டுங்க. அவர் பாக்கறது உள்ள இருக்கறதும் லேபிள்ல இருக்கறதும் ஒண்ணான்னுதான், வெந்தயத்தை எப்போ இறக்கணும்னு கேக்க மாட்டார்.

பேர் வேணாம்னு ஒருத்தர்: எங்க சிக்கன் மசாலால கொஞ்சம் அஜினோமோட்டோ, தொக்குல பென்சோயேட். எல்லாரும்தான் போடுறாங்க. அத "சீக்ரெட் மசாலா"ன்னு சொல்லி விட்டுடலாமா?

விட முடியாது. ரெண்டும் சேர்மானம், ஐஎன்எஸ்ங்கறது சேர்மானத்துக்கு உலகம் பூரா உள்ள நம்பர், அஜினோமோட்டோ ஐஎன்எஸ் 621, பென்சோயேட் ஐஎன்எஸ் 211. என்ன வேலைக்கு போட்டீங்களோ அந்த வகைப் பேரோட எழுதணும், பதப்படுத்தி (ஐஎன்எஸ் 211)ன்னு. அந்த உணவுல அத அனுமதிச்சிருக்காங்களா, எவ்ளோ வரைக்கும்னு மொதல்ல பாருங்க. லேபிள் தப்பா இருந்தா உணவுப் பாதுகாப்புச் சட்டத்தோட 52வது பிரிவுல மூணு லட்சம் வரைக்கும், ஏமாத்துற விளம்பரத்துக்கு 53வது பிரிவுல பத்து லட்சம் வரைக்கும் அபராதம் இருக்கு. அபராதத்தை விடுங்க, "பதப்படுத்தி சேர்க்காதது, அம்மா கை ருசி"ன்னு எழுதிருக்கீங்களா பாக்கெட்ல? எழுதிருந்தா இன்னிக்கே அந்த பிரின்ட்டை நிறுத்துங்க. ரகசியம்ங்கற வார்த்தையை இதுக்கெல்லாம் பயன்படுத்தாதீங்க, ஒழுங்கா வெச்சிருக்கறவங்க மேலயும் சந்தேகம் வரும்.

காரைக்குடிலேர்ந்து: அக்கா, அம்மாவோட பூண்டு இட்லிப் பொடி. நாளைக்கு பிரின்ட்டுக்கு போகுது, லேபிள் இதுதான்: "பூண்டு, உளுந்து, மிளகாய், எள், உப்பு, பெருங்காயம், எண்ணெய்." சரியா இருக்கா? ஒரு கிலோவுக்கு உளுந்து 430 கிராம், கடலைப்பருப்பு 180, மிளகா 140, பூண்டு 110, உப்பு 60, எள்ளு 50, நல்லெண்ணெய் 20, பெருங்காயம் 10.

நல்ல வேளை இன்னிக்கு கேட்டீங்க. பூண்டு பேர்ல இருக்குன்னு முதல்ல எழுதிட்டீங்க, ஆனா எடைல அது நாலாவது. கடலைப்பருப்பையே விட்டுட்டீங்க. உப்பு எள்ளுக்கு முன்னாடி வரணும், எண்ணெய் பெருங்காயத்துக்கு முன்னாடி, பேரோட. பூண்டை பேர்ல வெச்சதால சதவீதம் போடணும், 110 கிராம்னா 11. அது பச்சைப் பூண்டா உரிச்சுப் போட்ட எடைதானே? அப்போ அதுதான். பெருங்காயத்துல மைதா இருக்கான்னு டப்பாவை பாத்துட்டு எழுதுங்க, இருந்தா இப்படி:

"உளுத்தம் பருப்பு, கடலைப்பருப்பு, மிளகாய், பூண்டு (11%), உப்பு, எள், நல்லெண்ணெய், கூட்டுப் பெருங்காயம் (கோதுமை மாவு உள்ளது). அலர்ஜி தகவல்: இதில் கோதுமை உள்ளது."

எள்ளு நம்ம பட்டியல்ல இல்லைன்னாலும் நான் என் பாக்கெட்ல "எள் உள்ளது"ன்னு எழுதறேன், நீங்களும் எழுதுனா நல்லது.

அதே காரைக்குடி: அம்மா பக்கத்துல உக்காந்திருக்காங்க. 11ங்கறத மட்டும் போட வேணாம்ங்கறாங்க, அது அவங்க மாமியார் சொல்லிக் குடுத்த கணக்காம்.

அம்மாகிட்ட என் வணக்கத்தை சொல்லுங்க, அவங்க மனசு எனக்கு நல்லா புரியுது, என் மாமியாரும் இதே மாதிரிதான் உக்காந்திருந்தாங்க. ஒண்ணு மட்டும் கேளுங்க அவங்ககிட்ட, பூண்டை தோலோட வதக்குறாங்களா உரிச்சா, எண்ணெய்ல எப்போ இறக்குறாங்க, ஈரம் போச்சுன்னு எத வெச்சு கண்டுபிடிக்கிறாங்க. ஈரம் மிச்சம் இருந்தா அந்தப் பொடி பத்து நாள்ல கட்டி தட்டிடும், கொஞ்சம் தாண்டுனா கசக்கும். அவங்க சொல்ற பதிலை நீங்க ஒரு நோட்ல எழுதி வீட்லயே வைங்க. பாக்கெட்ல 11ன்னு இருக்கட்டும்.

பிரின்ட்டுக்கு குடுக்கறதுக்கு முன்னாடி பெருங்காய டப்பாவோட பின்பக்கத்தை ஒரு ஃபோட்டோ எடுத்து அனுப்புங்க, ராத்திரி பத்து மணி வரைக்கும் முழிச்சிருப்பேன்.